முதல் கவிதைத் தொகுப்பும் ஒரு பென்சிலும்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் ஒரு கவிதைத் தொகுப்பு வாங்கினேன். மெல்லிய புத்தகம், 96 பக்கம். அன்று ராத்திரியே எழும்பூரில் ரயில் ஏறி, சைடு லோயரில் காலை நீட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். செங்கல்பட்டு வருவதற்குள் பாதி முடிந்தது. விழுப்புரத்தில் டீ வாங்கும்போது புத்தகத்தையே மூடியாகிவிட்டது. எதிரே இருந்தவர், "எப்படி இருக்கு சார்?" என்றார். "நல்லா இருக்கு" என்றேன். "ஒண்ணு சொல்லுங்களேன்" என்றார். ஒரு வரிகூட வாயில் வரவில்லை. மழை பெய்தது, ஜன்னல் இருந்தது, யாரோ செத்துப்போயிருந்தார்கள். அவ்வளவுதான் ஞாபகம்.

நான் கவிஞன் இல்லை, தமிழாசிரியரும் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அந்த ரயில் பயணத்துக்குப் பிறகு, தட்டுத்தடுமாறி எனக்கென்று ஒரு படிக்கும் முறையை வைத்துக்கொண்டேன். "நவீன கவிதை எனக்குப் புரியாதுங்க" என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு அது உதவலாம். தேவைப்படுவது ஒரு புத்தகம், ஒரு பென்சில், தினமும் கால் மணி நேரம்.

எதை வாங்குவது

முதலில், எதை வாங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். கெட்டி அட்டை போட்ட 'முழுத் தொகுப்பு' வேண்டாம். நாற்பது வருடக் கவிதைகளைக் கால வரிசையில் அடுக்கியிருப்பார்கள். கவிஞர் கை பழகாத காலத்தில் எழுதியவைதான் முன்னால் நிற்கும். அதிலேயே நாம் களைத்து, நல்ல கவிதைகள் வரும் பக்கத்தைத் தொடாமலே அலமாரியில் வைத்துவிடுவோம். அறுபது எழுபது கவிதைகள் உள்ள தனித் தொகுப்பே முதல் முறைக்குச் சரி. ஒரு மனிதர் இரண்டு மூன்று வருடம் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அதில் இருக்கும்.

பல கவிஞர்கள் சேர்ந்த தொகை நூல் இன்னொரு வழி. 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, அதில் வந்த புதுக்கவிதைகளிலிருந்து தேர்ந்து 1962இல் 'புதுக்குரல்கள்' என்று ஒரு தொகை கொண்டுவந்தார். புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். புதுக்கவிதை எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்க ஆசையிருந்தால் நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஆனால் தொடங்குவதற்கு அது கட்டாயமில்லை.

கடையில் நின்றபடியே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். முதல் கவிதையை விட்டுவிடுங்கள், அது எப்படியும் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் இரண்டு இடத்தில் புரட்டி, இடத்துக்கு ஒரு கவிதையை நின்று நிதானமாகப் படியுங்கள். இரண்டில் ஒன்றிலாவது ஒரு பொருளோ இடமோ கண்ணுக்குத் தெரிகிறதா? ஈரத்துணி, பஸ் படிக்கட்டு, சாம்பல் கிண்ணம் என எதுவானாலும் சரி. 'வலி', 'மௌனம்', 'தனிமை' என்ற சொற்கள் மட்டுமே மாற்றி மாற்றி வந்தால் புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். பின்னட்டைப் பாராட்டை நம்ப வேண்டாம், அது நண்பர் எழுதியதாக இருக்கும்.

வாங்கி வந்ததும்

முன்னுரையைப் படிக்காதீர்கள். கடைசியில் படிக்கலாம். முன்னுரை எழுதுகிறவர்கள் நல்ல வரிகளையெல்லாம் பிடுங்கி முன்வாசலிலேயே பரப்பிவிடுவார்கள். பிறகு அந்த வரி உள்ளே வரும்போது, ஏற்கெனவே கேட்ட ஜோக் மாதிரி ஆகிவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று கவிதை போதும். மூன்றையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, பிறகு முதலாவதை மட்டும் இன்னொரு முறை. நான் அதிகாலை காபியோடு படிக்கிறேன். ராத்திரி படுக்கையில் படித்த காலத்தில் எல்லாக் கவிதையும் தூக்கத்தைப் பற்றியதாகவே தோன்றியது.

செல்போனில் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திரை குறுகலாக இருந்தால், நீளமான வரியைப் போன் தன் இஷ்டத்துக்கு மடித்து அடுத்த வரியில் தள்ளிவிடும். அங்கே வரியை முறித்தது கவிஞரா கம்பெனிக்காரனா என்று தெரியாது. போனைப் படுக்க வைத்துப் படியுங்கள், இல்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள்.

வரி முறிவு ஏன் முக்கியம்? கீழே இருப்பது நானாகப் போட்ட வாக்கியம். கவிதை என்று சொல்ல மாட்டேன்.

கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்
நீ வரமாட்டாய் என்று தெரிந்து

இதையே இப்படி உடைத்துப் பாருங்கள்:

கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் நீ
வரமாட்டாய் என்று தெரிந்து

சொல் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் இரண்டாவதில், முதல் வரி முடிகிற இடத்தில் அந்த 'நீ' ஒரு நொடி வாசலில் வந்து நிற்கிறது. அடுத்த வரிக்குக் கண் இறங்கியதும் காணாமல் போகிறது. யாப்பில் எதுகையும் மோனையும் செய்த வேலையில் ஒரு பங்கை இப்போது இந்த முறிவு செய்கிறது. இதைப் பிடிக்கச் சுலபமான வழி வாய்விட்டுப் படிப்பது. வரி முடிகிற இடத்தில் அரை மூச்சு நிறுத்துங்கள். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

யார் பேசுகிறார்கள்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் இதற்குத்தான்.

பள்ளியில் குறுந்தொகை படித்திருப்போம். மூன்றாம் பாட்டு, தேவகுலத்தார் பாடியது:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரளவு இன்றே சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

பூமியைவிடப் பெரிது, வானத்தைவிட உயரம், கடலைவிட ஆழம், மலைநாட்டுக்காரனோடு எனக்குள்ள நட்பு. அழகுதான். ஆனால் இவ்வளவு மட்டும் இருந்தால் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்துவிடலாம். பாட்டோடு வருகிற கூற்றுக் குறிப்பைப் பாருங்கள். தலைவன் வேலிக்கு அப்பால் ஒளிந்து நிற்கிறான். அவன் சீக்கிரம் வந்து மணந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத் தோழி வேண்டுமென்றே அவனைக் குறை சொல்கிறாள். அதைப் பொறுக்காமல் தலைவி இப்படிப் பேசுகிறாள். இப்போது மறுபடி படியுங்கள். வானமும் கடலும் வீராப்பாக மாறிவிடுகின்றன. கூடவே ஒரு கெஞ்சலும் கேட்கிறது. வேலிக்குப் பின்னால் நிற்கிறவன் காதிலும் அது விழுகிறது.

அந்தக் குறிப்பைப் புலவர் எழுதவில்லை, பிற்காலத்தில் சேர்த்தார்கள். அதாவது யாரோ ஒரு பழைய வாசகர், "இதை யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொல்லியிருப்பார்கள்?" என்று யோசித்து, ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். நவீன கவிதைக்கு அந்த வரி கிடையாது. நமக்குப் புரியாமல் போவதில் பாதி, இது இல்லாததால்தான் என்பது என் கணக்கு. இல்லாவிட்டால் என்ன, நாமே எழுதிக்கொள்ளலாமே.

நான் செய்வது இதுதான். கவிதையை இரண்டு முறை படித்தபின், தலைப்புக்கு மேலே பென்சிலால் ஒரு வரி: யார், யாரிடம், எப்போது. 'வீட்டை விற்றுவிட்டுச் சாவியைக் கொடுக்கும் நேரத்தில், மகன் தனக்குள் சொன்னது.' 'பிரசவத்துக்குப் போன மகளிடம், போனை வைத்த பிறகு தாய் சொன்னது.' இப்படி. தப்பாக இருக்கலாம். பென்சில்தானே, அழித்துக்கொள்ளலாம். எழுத உட்காரும்போதுதான், 'நான்' என்று பேசுவது கவிஞர் என்று நாம் பாட்டுக்கு முடிவு கட்டியிருந்தது தெரியவரும். பெண் பேசுவதாக இருந்தால்? செத்தவர் பேசுவதாக இருந்தால்?

நகுலனின் ஒரு சின்னக் கவிதை இதற்கு நல்ல பயிற்சி. ராமச்சந்திரனா என்று ஒருவர் கேட்கிறார். ராமச்சந்திரன் என்று பதில் வருகிறது. எந்த ராமச்சந்திரன் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கவிதை. முதலில் படித்தபோது, இதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பென்சில் எடுத்த பிறகுதான் திணற ஆரம்பித்தேன். யார் இவர்கள்? எங்கே நிற்கிறார்கள்? ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளைத் தெரிந்துகொண்டதாக எத்தனை பேரிடம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்? ரொம்ப யோசித்து, 'தெருமுனையில் இருவர், பஸ் வருவதற்குள்' என்று எழுதி வைத்தேன்.

இறகை இறகாகப் பார்ப்பது

அடுத்த தடங்கல் பள்ளிக்கூடத்திலிருந்து வருவது. உருவகம் என்றால் இது அதற்குச் சமம், அது இதற்குச் சமம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிய கை நம்முடையது. அதே கணக்கோடு நவீன கவிதைக்குள் போனால், 'மரம் என்றால் அப்பா, பறவை என்றால் சுதந்திரம்' என்று பெயர்த்துக்கொண்டே போவோம். கடைசியில் கையில் ஒரு பொன்மொழி மிஞ்சும், கவிதை இருக்காது.

திருகோணமலையில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த பிரமிள் எழுதிய 'காவியம்' என்ற கவிதையைப் பலர் எங்காவது பார்த்திருப்பீர்கள். சிறகிலிருந்து பிரிந்த ஓர் இறகு காற்றில் ஒரு பறவையின் வாழ்க்கையை எழுதிக்கொண்டே போகிறது என்பது அதன் சாரம். இறகு எதைக் குறிக்கிறது என்று உடனே கேட்காதீர்கள். முதலில் ஒரு இறகு விழுவதைப் பாருங்கள். கல் மாதிரி நேராக விழாது. இந்தப் பக்கம் கொஞ்சம் வளையும், அந்தப் பக்கம் கொஞ்சம் வளையும், ஒரு இடத்தில் தயங்கி நின்று மறுபடி சரியும். கையெழுத்து ஓடுகிற மாதிரியே இருக்கும். இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலமும் ஒன்று இருந்தது. இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டுத் தலைப்புக்கு வாருங்கள். காவியம் என்றால் ஆயிரக்கணக்கான பாட்டு. இங்கே இருப்பதோ ஆறு சின்ன வரி. அதற்குமேல் அர்த்தம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை, தேவைப்படவும் இல்லை.

சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்யலாம். நவீன கவிதை என்றாலே முகத்தை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தனக்கும் தமிழ்தான் மூச்சு, ஆனால் பிறர்மேல் அதை விட மாட்டேன் என்று ஞானக்கூத்தன் எழுதியதைக் கூட்ட நெரிசலில், பின்னால் நிற்கிறவர் மூச்சு கழுத்தில் படும்போது நினைத்துப் பாருங்கள். மேடைக்கு மேடை 'தமிழ் எங்கள் மூச்சு' என்று முழங்கிய நாட்களில் வந்த கவிதை அது.

புரியாதவற்றை என்ன செய்வது

ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். புத்தகம் முடிந்ததும் புள்ளி வைத்தவற்றுக்கு மட்டும் திரும்பி வாருங்கள். அதற்குள் அந்தக் கவிஞரின் பேச்சு பழகியிருக்கும், பாதிப் புள்ளிகள் தானாக அழிந்துவிடும். மிச்சம் இருப்பதற்குக் காரணங்கள் வேறு வேறு.

சில சமயம் வெறும் சொல்தான் சிக்கல். 'கவலை' என்று ஒரு கிராமத்துக் கவிதையில் வந்தால், அது மனக்கவலையாக இல்லாமல், மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற அமைப்பாக இருக்கலாம். ஈழத்துக் கவிதையில் 'செல்லடி' என்று முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ ஒரு பெண்ணைப் போகச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். பீரங்கிக் குண்டு வீச்சு என்று தெரிந்தபோது, சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கைத் தமிழ்ச் சொற்களைத் தனியாகக் குறித்துத் தருகிறது. பக்கத்தில் இருந்தால் நல்லது.

சில சமயம், நமக்குத் தெரியாமல் போனது ஒரு சம்பவம். ஈழத்துக் கவிஞர் எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையில், சிவில் உடையில் வந்த அரச காவலர்கள் புத்தரைச் சுட்டுக் கொல்கிறார்கள். யாழ்ப்பாண நூலகத்தின் படிக்கட்டருகே உடல் கிடக்கிறது. அதன் மேல் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். ஒன்றும் தெரியாமல் படித்தால் இது ஒரு விசித்திரக் கனவு. கவிதையும் கனவென்றுதான் தொடங்குகிறது. 1981 மே கடைசி, ஜூன் முதல் நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின, திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் அவற்றில் இருந்தன. இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் போனால் ஒரு சொல்கூடக் கனவாக இருக்காது. கொன்றது யாருடைய பெயரால், எரிந்தவற்றில் புத்தரின் போதனையும் ஏன் இருக்கிறது என்பதெல்லாம் தானாக விரியும். ஆகவே, கவிதையில் ஊர்ப் பெயரோ தேதியோ வந்தால் தாண்டிப் போகாதீர்கள், ஐந்து நிமிடம் தேடுங்கள். பழைய ஈழத்து நூல்களும் இதழ்களும் 'நூலகம்' என்ற மின்னூலகத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன.

சொல்லும் தெரிகிறது, சம்பவமும் தெரிகிறது, அப்படியும் புரியவில்லையா? கவிதை மோசமாக இருக்க வாய்ப்பு உண்டு. இதைச் சொல்லப் புது வாசகர்கள் ரொம்பப் பயப்படுகிறார்கள். பெரிய பெயர், விருது வாங்கியவர், தப்பு நம்முடையதாகத்தான் இருக்கும் என்று அடங்கிப் போகிறார்கள். அறுபது கவிதையில் பத்து நம்மோடு தங்கினால் அது நல்ல தொகுப்பு. ஐந்து தங்கினாலும் கொடுத்த காசுக்கு நஷ்டமில்லை. எனக்குப் பிடித்த கவிஞர் ஒருவரின் தொகுப்பிலேயே இருபது கவிதைகளுக்கு மேல் புள்ளியோடுதான் இருக்கின்றன.

கையால் எழுதிப் பாருங்கள்

புத்தகம் முடிந்ததும், தங்கிய கவிதைகளில் ஒன்றை ஒரு நோட்டில் பேனாவால் எழுதுங்கள். படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது கணக்கில் வராது. கை, கண்ணைவிட மெதுவாகப் போகும். 'இருந்தது' என்று எழுதியதாக நினைத்து மூலத்தைப் பார்த்தால் 'இருந்திருந்தது' என்று இருக்கும். நான் ஒரு கவிதையை மூன்று முறை தப்பாக எழுதி, நான்காவது முறைதான் அதில் 'நான்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கண்டேன். முன்னுரைக்கும் இப்போது போகலாம். முன்னுரைக்காரரோடு சண்டை போடுகிற அளவுக்கு நம் கையிலும் சரக்கு இருக்கும்.

அப்புறம், புத்தகத்தைப் பென்சில் குறிப்புகளோடு அப்படியே யாருக்காவது இரவல் கொடுங்கள். திரும்பி வராது என்ற பயம் எனக்கும் உண்டு. நகுலன் கவிதை இருந்த புத்தகத்தை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தது. 'தெருமுனையில் இருவர்' என்று நான் எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் 'ராங் நம்பர் வந்தபோது' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து, கொஞ்சம் நடுக்கத்தோடு. அது அம்மாவுடையது. கவிதைப் புத்தகம் எதையும் அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவோடு அந்த மாதம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தாள்.

'ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டில் கட்டிலாகப் பார்த்து வந்த நர்ஸ் சொன்னது.'